காட்டுக்குப் போகிறேன், நீ போனை எடு

கோயம்புத்தூர்
வைகாசி, வியாழன் இரவு

என் கடைசி பெஞ்சுக்காரிக்கு,

உன் மூட்டுவலியும் உன் மருமகளும் எப்படி இருக்கிறார்கள்? இரண்டில் எது அதிகம் படுத்துகிறது என்று பதில் கடிதத்தில் எழுது. இங்கே காற்று ஆரம்பித்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற வைகாசிக் காற்று. நம் கொடியில் போட்ட துணி எதிர்வீட்டு வேப்பமரத்தில் காய்கிறது. இன்று காலையில் என் வீட்டுக்காரரின் பனியனை அந்த வீட்டுப் பையன் ஒட்டடைக் குச்சியால் எடுத்து நீட்டினான். கொடி ஏற்றுகிற மாதிரியே இருந்தது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்திருக்கிறேன். என்னவென்று இங்கேயே எழுதினால் மீதியைப் படிக்காமல் போனை எடுத்துத் திட்ட ஆரம்பித்துவிடுவாய். அதனால் நடுவில் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறேன். தேடிக்கொண்டே வா.

இப்போது தலைப்புச் செய்தி. வருகிற சனிக்கிழமை இல்லை, அதற்கு அடுத்த சனிக்கிழமை, நான் காட்டுக்குப் போகிறேன். பரம்பிக்குளம். இரண்டு ராத்திரி கூடாரத்தில் படுக்கை. டிவி கிடையாது, போன் கிடையாது, சார்ஜ் போட பிளக்கும் கிடையாது. சிரிக்காதே. சிரித்துவிட்டாயா? சரி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

எல்லாம் ரேஸ் கோர்ஸ் நடையில் ஆரம்பித்தது. காலையில் ஆறு பேர் நடக்கிறோம் என்று உனக்கு எழுதியிருக்கிறேன் அல்லவா? கால் ஒரு சுற்று நடந்தால் வாய் நாலு சுற்று நடக்கும். அதில் புதிதாகச் சேர்ந்த யோகா பொண்ணு ஒருநாள், "அக்கா, நாம எல்லாரும் ரெண்டு நாள் டிஜிட்டல் விரதம் இருக்கணும்" என்றாள். எங்கள் ஆறு பேரில் ஒருத்திகூட ஏகாதசிக்கு இட்லியை விட்டதில்லை. ஆனாலும் எல்லோரும் பெரிதாகத் தலையாட்டினோம். அப்படியே மறந்திருப்போம். பேங்க் அக்கா விடவில்லை. ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும் அவர் கை இன்னும் கவுன்ட்டரில்தான் இருக்கிறது. மறுநாளே ஆதார் ஜெராக்ஸ் இரண்டு, பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்று என்று வசூல் ஆரம்பம். அந்த வாரமே வனத்துறைக்குப் பணம் கட்டி, கூடாரத்துக்கு இடம் பிடித்து, ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காட்டினார். "காட்டுக்குள்ள பிளாஸ்டிக் கூடாதாமே" என்றாள் யோகா பொண்ணு. அவளுக்கும் அவருக்கும் அன்றிலிருந்து பேச்சு குறைவு.

மற்றவர்கள் யார் என்று கேட்பாய். டாக்டரம்மா வருகிறார், குழந்தை வைத்தியர். எங்களையும் குழந்தைகளாகவே நினைத்து வாயைத் திற என்பார். மாடி வீட்டு டீச்சர் வருகிறாள், ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் போய்விட வேண்டும் என்று தேதியே அவளுக்காகத்தான் வைத்தது. அப்புறம் ஜவுளிக்கடை அக்கா. இரண்டு நாளைக்கு ஒன்பது செட் துணி எடுத்து வைத்திருக்கிறார். "யானை பார்த்தா நல்லா இருக்க வேண்டாமா?" என்று கேட்கிறார், நிஜமாகவே.

பரம்பிக்குளம் எங்கே இருக்கிறது என்று தஞ்சாவூரில் உட்கார்ந்து யோசிக்காதே. வேடிக்கையான ஊர் அது. காடு கேரளத்துடையது, பாலக்காடு மாவட்டம். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் நம் பக்கமாகத்தான் போக வேண்டும். பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப், அதற்கப்புறம்தான் பரம்பிக்குளம். சேத்துமடையில் தமிழ்நாட்டு வனத்துறைக்குப் பணம் கட்டு, உள்ளே ஆனைப்பாடியில் கேரள வனத்துறைக்குப் பணம் கட்டு. நம் பொள்ளாச்சித் தென்னைக்குப் போகிற தண்ணீரும் அங்கிருந்துதான் வருகிறது. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் என்று மூன்று அணைகள். மண் கேரளம், அணையைப் பார்த்துக்கொள்வது தமிழ்நாடு. மாமியார் வீட்டு அடுப்பில் மருமகள் சமைக்கிற கதை. இரண்டு பேரும் இல்லாவிட்டால் யாருக்கும் சோறில்லை.

டீச்சர் இருக்கிற இடத்தில் பாடம் நிற்குமா? அங்கே முன்னே ரயில் ஓடியதாம். கொச்சி ராஜ்ஜியத்துக்காரர்கள் தேக்கு, ஈட்டி மரத்தை இறக்குவதற்காக 1907-இல் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரைக்கும் காட்டு டிராம் பாதை போட்டார்களாம். கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். அப்புறம் நிறுத்திவிட்டார்கள். "இவ்வளவு மரத்தையும் ரயில் வச்சு வெட்டியும், கன்னிமாரா தேக்கு மட்டும் நிக்குது பாருங்க" என்றாள். சுற்றளவு ஏறக்குறைய 7 மீட்டராம். அதை வெட்டப் போனபோது கோடாலி பட்ட இடத்தில் ரத்தம் வந்ததாகவும், அன்றிலிருந்து கன்னித்தெய்வமாகக் கும்பிடுவதாகவும் அங்கே உள்ளவர்கள் சொல்வார்களாம். நாங்கள் ஆறு பேரும் கைகோர்த்தால் கட்டிப்பிடித்துவிடலாமா என்று கணக்குப் போட்டோம். ஜவுளிக்கடை அக்கா ஒருவரே பாதி சுற்றுவார் என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான் இல்லை.

வழியில் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நிற்க வேண்டும் என்று பேங்க் அக்கா தனியாக என்னிடம் சொன்னார். அந்தக் கோயிலில் நியாயம் கேட்டு மிளகாய் அரைத்துப் பூசுவார்கள், உனக்குத் தெரியும். "யாருக்காக அக்கா?" என்றேன். "வேண்டுதலை வெளிய சொல்லக் கூடாது" என்று கண்ணாடியைத் துடைத்தார். பங்காளி நிலத் தகராறு ஒன்று கோர்ட்டில் கிடக்கிறது என்று ஜாடையாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். யோகா பொண்ணுக்காக இல்லாமல் இருந்தால் சரி.

இனி சாமான் மூட்டை கட்டிய கதை. அதாவது, கட்டிப் பிரித்த கதை. போன வாரம் எல்லோரும் டாக்டரம்மா வீட்டில் கூடி எதை எடுப்பது, எதை விடுவது என்று பஞ்சாயத்து வைத்தோம். பேங்க் அக்கா நிபந்தனைகளை வாசித்தார். பிளாஸ்டிக் கூடாது. தீ மூட்டக் கூடாது. சத்தமாகப் பாட்டுப் போடக் கூடாது. வழிகாட்டி இல்லாமல் நடக்கக் கூடாது. காட்டிலிருந்து ஒரு இலைகூட எடுத்து வரக் கூடாது. இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

சிவப்பு, வெள்ளை, பளிச்சென்ற மஞ்சள் உடுத்தக் கூடாது என்றதும் ஜவுளிக்கடை அக்காவின் ஒன்பது செட்டில் எட்டு போயிற்று. பாசிப்பச்சை, காக்கி, மண் நிறம்தான் வேண்டுமாம். என் பீரோவைத் திறந்து பார்த்தேன். இத்தனை வருஷத்தில் மண் நிறத்தில் ஒரு துணிகூட நான் வாங்கியதில்லை. கடைசியில் வீட்டுக்காரரின் பழைய சட்டை இரண்டை எடுத்துக்கொண்டேன். அவருக்கு வாழ்நாள் முழுக்க அந்த நிறம்தான் பிடிக்கும். காட்டில் விட்டால் ஒரு யானைக்கும் கண்ணில் படமாட்டார்.

அடுத்த அடி, வாசனை. சென்ட் கூடாது, வாசனைப் பவுடர் கூடாது, தலையில் மல்லிகைப்பூ கூடாது. யானைக்குக் கண் மந்தம், மூக்குக் கூர்மை என்று டாக்டரம்மா விளக்கினார். "அப்ப சாம்பிராணி?" என்றார் ஜவுளிக்கடை அக்கா. யாரும் பதில் சொல்லவில்லை.

அட்டையைப் பற்றிய விவாதம்தான் ஒரு மணி நேரம் ஓடியது. முதல் மழை விழுந்த காட்டில் அட்டை எழுந்துவிடும். நான் உப்புப் பொட்டலம் கட்டி வைத்திருந்தேன். ஒருத்தி மூக்குப்பொடி என்றாள், ஒருத்தி வேப்பெண்ணெய் என்றாள். டாக்டரம்மா எல்லோரையும் அதட்டினார். கடித்துக்கொண்டிருக்கிற அட்டைமேல் உப்பைப் போட்டாலும் சூடு வைத்தாலும் அது வயிற்றில் உள்ளதைக் கடிவாயிலேயே கக்கிவிட்டு விழும். புண் சீழ் வைக்கலாம். விரல் நகத்தைத் தோலோடு ஒட்டினாற்போல் நகர்த்தி அதன் வாயை விலக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். அப்புறமும் ரத்தம் ஒழுகிக்கொண்டே இருக்கும், பயப்படக் கூடாது; அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறைய விடாத சரக்கு ஒன்று இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே முழங்கால் வரைக்கும் இறுகக் கட்டுகிற துணி உறை போட்டுக்கொண்டால் பாதித் தொல்லை இல்லை. ஆறு பேருக்கும் அந்த உறையைத் தைத்துத் தருவதாக ஜவுளிக்கடை அக்கா ஏற்றுக்கொண்டார். மண் நிறத்தில் தைப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறார்.

சாப்பாடு அங்கேயே கொடுத்துவிடுவார்கள். ஆனால் கட்டுச்சோறு இல்லாமல் நம்மைப் போன்ற பெண்கள் எங்காவது வீட்டுப் படி இறங்கியிருக்கிறோமா? முதல் நாளைக்குப் புளிச்சோறு என் பொறுப்பு. தேங்காய் சேர்க்காமல், நல்லெண்ணெய் ஒரு கை கூடுதலாக ஊற்றி, புளிக்காய்ச்சலைச் சுண்ட விட்டுக் கிளறினால் மறுநாள்கூட மணக்கும். ஆனால் மிச்சத்தைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு படுக்கக் கூடாது. பன்றி, குரங்கு, கரடி எல்லாவற்றுக்கும் மூக்கு உண்டு. பொழுதோடு சாப்பிட்டு முடித்துவிட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும்.

யானை என்றதும் நினைவு வருகிறது. நம் தடாகம் பக்கத்துச் சின்னத்தம்பி ஞாபகம் இருக்கிறதா? 2019-இல் பிடித்துக்கொண்டு போய் டாப்சிலிப் பக்கத்துக் காட்டில் விட்டார்கள். அது நடையாய் நடந்து உடுமலைப் பக்கத்துக் கரும்புக் காட்டுக்கு வந்து நின்றது. கோயம்புத்தூரே அதற்காக அழுதது. மறுபடி பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள். அதைச் சொல்லித்தான் என் வீட்டுக்காரர் கேலி செய்கிறார். "காட்டு யானைக்கே அந்தக் காட்டுல ரெண்டு வாரம் தாக்குப்பிடிக்கல, நீ ரெண்டு நாள் இருந்துருவியா?" என்கிறார். கலீம் கதையைச் சொல்லி வாயை அடைத்தேன். கோழிகமுத்தி முகாமில் இருந்த கும்கி யானை, 99 வேலைக்குப் போய்விட்டு வந்து 2023-இல் அறுபது வயதில் ஓய்வு பெற்றது, வனத்துறையினர் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். "அறுபதில அதுக்கு மரியாதை கிடைச்சுது. எனக்கு அம்பத்தஞ்சுல ரெண்டு நாள் லீவாவது குடுங்க" என்றேன். பேப்பரை மடக்கி வைத்தார்.

போன் என்னாகும் என்று கேட்பாய். சேத்துமடை தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் சிக்னல் போய்விடுமாம். உள்ளே எங்கோ ஓரிடத்தில் வரும், உடனே போகும் என்கிறார்கள். அந்த ஆசையும் கூடாது என்று சேத்துமடையிலேயே எல்லோர் போனையும் அணைத்து ஒரு துணிப்பையில் போட்டு வாங்கிக்கொள்வதாகப் பேங்க் அக்கா அறிவித்துவிட்டார். டோக்கன் தருவார் போலிருக்கிறது. ஒருத்தி இரண்டு போன் வைத்திருக்கிறாள், ஒன்றைத்தான் கொடுக்கப் போகிறாள். யாரென்று எழுதமாட்டேன். விரதம் என்று முதலில் ஆரம்பித்தவள் என்று மட்டும் சொல்கிறேன்.

அடுத்தது, ஒத்திகை. கூடாரத்தை அங்கே அவர்களே போட்டுத் தருவார்கள். ஆனாலும் உள்ளே படுத்துப் பழக வேண்டுமென்று டாக்டரம்மாவின் மகனுடைய கூடாரத்தை வாங்கி எங்கள் மொட்டை மாடியில் போட்டோம். இந்த வைகாசிக் காற்றில்! முளை அடிக்க மண் ஏது? நாலு மூலைக்கும் நாலு தண்ணீர்க் குடம் வைத்தோம். நானும் டீச்சரும் உள்ளே போய்ப் படுத்து, "ஆகா, என்ன அமைதி" என்று சொல்லி வாய் மூடவில்லை, ஒரு காற்று வந்தது. ஒரு குடம் உருண்டது. கூடாரம் எங்கள்மேல் மடிந்து, நாங்கள் இரண்டு பேரும் துணிமூட்டைக்குள் பூனைக்குட்டிகள் மாதிரி. கீழ் வீட்டுக்காரர் மாடியில் திருடன் என்று டார்ச்சோடு ஏறி வந்தார்.

அந்தத் துணிக்குள் கிடந்தபோது எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? எட்டாம் வகுப்புச் சாரணியர் முகாம். நடு ராத்திரி மழையில் கூடாரம் சாய்ந்தது, எல்லோரும் அலறிக்கொண்டு ஓடிவிட்டார்கள். நான் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டேன். ஒரு கை உள்ளே வந்து துழாவி, என் பின்னலைப் பிடித்து, மாடு இழுக்கிற மாதிரி இழுத்து வெளியே போட்டது. ஒரு வாரம் தலை வலித்தது. நீ இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

இதோ, ஒளித்து வைத்த இடத்துக்கு வந்துவிட்டாய். பேங்க் அக்கா ஒரு படிவம் தயாரித்திருக்கிறார். பெயர், வயது, ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை. கடைசியில், அவசரம் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும்? பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் போன் எப்போதும் சத்தமில்லாமல் பிரிட்ஜ் மேலே பேப்பருக்கு அடியில் கிடக்கும். மூன்று நாள் கழித்து எடுத்து "யாரோ கூப்பிட்டிருக்காங்க" என்பார். மகள் பெங்களூரில் எப்போதும் மீட்டிங்கில். அதனால் உன் பெயரையும் உன் நம்பரையும் எழுதிவிட்டேன். உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. "பின்னலைப் பிடித்து இழுப்பவள்" என்று எழுதினால் பேங்க் அக்கா படிவத்தைத் திருப்பிவிடுவார். "சகோதரி" என்று போட்டேன். இப்போது திட்டு.

திட்டி முடித்தாயிற்றா? இனி எழுதப் போவதை யாரிடமும் சொல்லாதே. இத்தனை நாளாக நான் என்னைத் தயார் செய்துகொள்ளவே இல்லை, வீட்டைத்தான் தயார் செய்துகொண்டிருந்தேன் என்பது மெதுவாகத்தான் உறைத்தது. என் பை ஒரே மணி நேரத்தில் முடிந்தது. வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகமே எழுதினேன். சிறுவாணித் தண்ணீர் வரும் நாள், மோட்டார் போட வேண்டிய நேரம், மாவு எந்தப் பாத்திரத்தில், தயிருக்கு உறை எந்தக் கிண்ணத்தில், அத்தைக்குக் காலையில் வெள்ளை மாத்திரை, ராத்திரி ரோஸ் மாத்திரை. பதினான்கு பக்கம். வீட்டுக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "பொருளடக்கம் இல்லையே" என்றார்.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஒத்திகை வைத்தேன். காலை ஒன்பது மணியிலிருந்து நான் வீட்டில் இல்லை. காட்டில் இருப்பதாகக் கணக்கு. போனை அணைத்துப் பீரோவில் வைத்தேன். சமையலறைப் பக்கம் போவதில்லை, யார் கேட்டாலும் பதில் சொல்வதில்லை. அறைக்குள் உட்கார்ந்து காதை மட்டும் திறந்து வைத்திருந்தேன். மிக்சி ஓடியது. குக்கர் ஏழு விசில் அடித்தது. என்ன பருப்பு அதுவென்று எழுந்து ஓடத் துடித்த காலைப் பிடித்து உட்கார வைத்தேன். சரியாக நாற்பது நிமிஷம். கதவில் மெல்லத் தட்டல்.

"நீ காட்டுல இருக்கேன்னு தெரியும். ஆனா பெருங்காயம் எங்க இருக்கு?"

நான் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "யானை கீனை வந்தா ஜாக்கிரதை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறையில் எவ்வளவு நேரம் சும்மா இருப்பது? மெதுவாக எழுந்து பின்கட்டில் அத்தை அறைக்குப் போய் உட்கார்ந்தேன். எண்பத்து நாலு வயது அவருக்கு. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். கையில் டம்ளரோ மாத்திரையோ இல்லாமல் நான் அந்த அறைக்குள் போனது அன்றுதான் முதல் தடவை. அவருக்கே சந்தேகம். என் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன கண்ணு, ஒடம்பு சரியில்லையா?"

"இல்லைங்கத்தை. நான் காட்டுல இருக்கேன்" என்றேன். ஒத்திகையைச் சொன்னேன். பொக்கை வாயில் சிரித்தார். எந்தக் காடு என்று கேட்டார். டாப்சிலிப் தாண்டி என்றேன்.

"அட, எங்க வீட்டுப் பக்கமா போறே?" என்றார்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், தெரியுமா. அவர் அப்பா மரக் கிட்டங்கியில் கணக்கெழுதினவராம். பன்னிரண்டு வயது வரைக்கும் டாப்சிலிப்பில் ஓட்டு வீட்டில் வளர்ந்திருக்கிறார். அவருடைய ஊர் ஆனைமலை என்றுதான் நான் கேள்விப்பட்டது. அது அப்புறம் குடிவந்த ஊராம். வெட்டின தேக்கை மலை உச்சியிலிருந்து சரிவில் சறுக்கி விடுவார்களாம் அந்தக் காலத்தில், அதனால்தான் டாப்சிலிப் என்று பெயர். "அது எங்கப்பன் காலத்துக்கும் முன்னால. நாங்க பாத்தது யானை தடி இழுக்கறதத்தான். இழுத்துப் போட்டதும் எங்கப்பன் அளந்து எழுதும். சுத்தியால முத்திரை அடிப்பாங்க. அந்தச் சத்தம் கேட்டுத்தான் நாங்க எந்திரிப்போம்."

அங்கே ஒரு வெள்ளைக்காரர் சமாதி இருக்கிறது, ஹ்யூகோ உட் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். வெட்டி வெட்டி மொட்டையான மலையில் மறுபடி தேக்கு வளர்த்த வன அதிகாரி. 1933-இல் இறந்தார். அவர் ஆசைப்படியே அந்தக் காட்டிலேயே புதைத்தார்கள். பெயரைச் சொன்னதும் அத்தைக்குக் கண் விரிந்தது. நடக்கும்போது பையில் தேக்கு விதை வைத்திருப்பாராம், கைத்தடியால் குத்திக் குத்திக் குழியில் விதையைப் போட்டுக்கொண்டே போவாராம். "நான் பாக்கல. எங்கப்பன் சொல்லும். நாங்களும் குச்சியில குத்திக் குத்திப் புளியங்கொட்டை போட்டுட்டு நடப்போம்."

கரண்ட் இல்லை, லாந்தர்தான். பொழுது இறங்கினால் கதவைச் சாத்திவிட வேண்டும். மலசர் பழங்குடி வீட்டுக்காரர்கள் ஒரு துணியில் சாம்பல் முடிந்து வைத்திருப்பார்களாம்; உதறிப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும், யானை எந்தப் பக்கம் இருந்தால் நம்மை மோந்துவிடும் என்று தெரியும். யானை மூக்கைப் பற்றி டாக்டரம்மா எடுத்த பாடத்தை அத்தை ஒரு முடிச்சுச் சாம்பலில் முடித்துவிட்டார்.

"இதையெல்லாம் ஏனுங்கத்தை எங்கிட்டச் சொன்னதே இல்லை?" என்று கேட்டேன்.

"நீ எப்பக் கண்ணு கேட்டே? வருவே, மாத்திரை குடுப்பே, போயிருவே."

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்கிற மாதிரிதான் சொன்னார். அதுதான் எனக்குக் குத்தியது. வெளியே குக்கர் மறுபடி விசில் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் அங்கேயேதான் இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டை வீட்டுக்காரரே இரண்டு தட்டில் கொண்டுவந்து வைத்தார், பெருங்காயம் இல்லாத சாம்பார். அத்தை ருசி பார்த்துவிட்டு, "காட்டுச் சாப்பாடு இப்படித்தான் இருக்கும்" என்றார்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார். இந்த வைகாசி மழைக்குத் தேக்கு கொழுந்து விட்டிருக்கும். அந்தக் கொழுந்து இலை ஒன்று கொண்டு வர முடியுமா? கசக்கினால் உள்ளங்கை ரத்தச் சிவப்பாகிவிடுமாம். "அங்க மருதாணிக்கு எங்க போறது? நோம்பிக்கு எங்களுக்கு அதுதான்."

எனக்குப் பேங்க் அக்கா வாசித்த கடைசி வரி ஞாபகம் வந்தது. ஒரு இலைகூட எடுத்து வரக் கூடாது. தயங்கித் தயங்கிச் சொன்னேன். அத்தை உடனே கையை விட்டுவிட்டார். "வேண்டாம் வேண்டாம். எங்கப்பனும் ஒரு சுள்ளி கொண்டாந்ததில்ல. அது அங்கத்த சொத்து" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாலு நாளாக அதுதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நேற்று ராத்திரி வழி கிடைத்தது. இலையைத்தானே எடுத்து வரக் கூடாது? கூட வருகிற வழிகாட்டியிடம் கேட்டு, அவர் சரி என்றால், கீழே விழுந்து கிடக்கிற கொழுந்து ஒன்றை அங்கேயே கசக்கி, அங்கேயே போட்டுவிட்டு, என் கையோடு வந்துவிடுகிறேன். இரண்டு செக்போஸ்டிலும் பையைத் திறந்து பார்க்கட்டும். உள்ளங்கையை யார் பிடுங்க முடியும்?

இன்று காலையில் அத்தையிடம் போய், வெறுங்கையோடுதான், அந்தச் சிவப்பு எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்:

"பாத்திரம் கழுவாம இருந்தா ரெண்டு நாள் நிக்கும்."

திங்கட்கிழமை நான் வீடு திரும்பியதிலிருந்து புதன்கிழமை வரைக்கும் பாத்திரம் தொடமாட்டேன் என்று வீட்டில் அறிவித்தாயிற்று. நோட்டுப் புத்தகத்தில் பதினைந்தாம் பக்கமாக எழுதியும் வைத்துவிட்டேன். வீட்டுக்காரர் படித்துவிட்டு, சபீனா எந்த அலமாரியில் என்று கேட்டிருக்கிறார்.

அன்புடன்,
உன் பின்னல்காரி

பின்குறிப்பு: அந்த சனியும் ஞாயிறும் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொள். சத்தத்தைக் குறைக்காதே. தெரியாத நம்பர் என்று வெட்டிவிடாதே. கூப்பிட மாட்டார்கள், ஒன்றும் ஆகாது. ஆனாலும் நீ எடுப்பாய் என்று தெரிந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.